சாவி வாங்கும் முன்: புதிய அடுக்ககத்தின் குறைகளை அறிகுறியிலிருந்து காரணத்துக்குத் தேடிச் செல்லும் வழிமுறை

"புதுக் கட்டடம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்பதே, எந்தக் குறையைச் சுட்டிக்காட்டினாலும் கட்டுநர் தரப்பிலிருந்து முதலில் வரும் விடை. அடுத்து வருவது, "ஒரு கை பெயின்ட் அடித்தால் போய்விடும்" என்பது. முதல் விடை சில குறைகளுக்கு உண்மையாகவே பொருந்தும். சிமென்ட் கலவை உலரும்போது சுருங்கத்தான் செய்யும், சுவருக்குள் தங்கிய கட்டுமான நீர் வெளியேறப் பல மாதங்கள் பிடிக்கும், புழங்காத குளியலறையில் நாற்றம் எழும். இரண்டாவது விடையோ பெரும்பாலும் குறையை மறைக்குமே தவிர நீக்காது. ஆகவே, வீட்டை வாங்குபவர் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளைக் கொண்டு, எந்த அறிகுறிக்கு முதல் விடையை ஏற்கலாம், எதற்கு ஏற்கக் கூடாது என்று பிரித்தறியும் முறையை இங்கே அறிகுறிவாரியாகத் தருகிறேன்.

சோதனைக்கு உகந்த காலம், தண்ணீரும் மின்சாரமும் இணைக்கப்பட்ட பிறகு, கடைசித் தவணையைச் செலுத்துவதற்கு முன்பு. அலமாரி வேலையையோ பொய்க்கூரை வேலையையோ அதற்கு முன் தொடங்கிவிடக் கூடாது. தொடங்கினால் சுவர்கள் மறைந்துவிடுவதோடு, விரிசலுக்கும் கசிவுக்கும் உங்கள் தச்சரே காரணம் என்று சொல்வதற்கு இடம் கிடைத்துவிடும். கையோடு கொண்டு செல்ல வேண்டியவை அதிகமில்லை: டார்ச், ரசமட்டம், அளவு நாடா, பென்சில், மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், வாளி, தடித்த பாலித்தீன் தாள், ஒட்டும் டேப், உணவு நிறமி, மூன்று விளக்குகள் கொண்ட பிளக் சோதனைக் கருவி, கைபேசி. ஒரு முறை பகல் வெளிச்சத்திலும், முடிந்தால் இன்னொரு முறை நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாளும் பார்ப்பது நல்லது.

சுவரில் ஈரத்திட்டு, உப்பிய பெயின்ட், வெண்பொடி

ஓதம் தென்பட்டால் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, அது சுவருக்குள் மிச்சமிருக்கும் கட்டுமான நீரா, இன்னமும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும் நீரா என்பதாகும். கட்டுமான நீர் என்றால் அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராகப் பரவியிருக்கும், ஜன்னல்களைத் திறந்து வைத்தால் வாரத்துக்கு வாரம் குறையும். வந்துகொண்டிருக்கும் நீருக்கோ ஒரு மையமும் ஓர் எல்லையும் இருக்கும். அந்த எல்லை நகரும். திட்டின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதி, கைபேசியில் படம் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கோட்டுக்கு உள்ளே ஈரம் சுருங்கியிருந்தால் பொறுத்திருக்கலாம். கோட்டைத் தாண்டியிருந்தால் பொறுத்திருப்பதில் பயனில்லை.

அது எங்கிருந்து வருகிறது என்பதை, எப்போது வளர்கிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரவு பகல் பாராமல், யாரும் தண்ணீர் புழங்காதபோதும் வளர்ந்துகொண்டே இருந்தால், அழுத்தத்தில் உள்ள நீர்க்குழாய் ஒன்று சுவருக்குள் கசிகிறது. புழங்கும்போது மட்டும் வளர்ந்து, வீடு சில நாட்கள் பூட்டிக்கிடந்தால் குறைந்தால், வடிகால் குழாயோ, குளியலறைத் தரையோ, டைல்களுக்கு இடையிலான இணைப்போ காரணம். மழைக்குப் பின் மட்டுமே தோன்றினால் வெளிச்சுவரையும் ஜன்னல் ஓரங்களையும் மொட்டை மாடியையும் பார்க்க வேண்டும். குழாய்க் கசிவை உறுதி செய்ய, வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடி, கமோடின் நீர்த்தொட்டியான சிஸ்டர்னுக்குச் செல்லும் வால்வையும் அடைத்துவிட்டு, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். எண் நகர்ந்திருந்தால் நீர் எங்கோ போகிறது. வெந்நீர்க் குழாயைத் தனியே சோதிக்க, கீசருக்குள் நுழையும் வால்வை மூடிவிட்டு இதே சோதனையை இன்னொரு முறை செய்து, எண்ணின் ஓட்டம் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து வந்து படிகிறதா என்ற ஐயம் எழுந்தால் பாலித்தீன் தாள் உதவும். சுமார் 45 செ.மீ. சதுரத் தாளைச் சுவரில் பதித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு வையுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளிகள் திரண்டிருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் திரண்டிருந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள். அதற்கு வேண்டியது காற்றோட்டம்.

வெண்பொடியைக் கண்டதும் பூஞ்சை என்று அஞ்ச வேண்டாம். ஈரவிரலால் தொட்டுத் தேயுங்கள்: கரைந்து மறைந்தால் அது செங்கல்லிலோ கலவையிலோ இருந்த உப்பு, நீரோடு வெளியே வந்து பூத்தது, கரையாமல் இழுபட்டுக் கறையாகப் பரவினால் பூஞ்சை. உப்பு ஒரு முறை பூத்து, உலர்ந்த பிரஷால் தட்டிவிட்ட பின் திரும்ப வராவிட்டால் அதுவும் கட்டுமான நீரின் வேலைதான். திரும்பத் திரும்பப் பூத்தால் நீர் வந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அந்த நிலையில் உட்புறம் ஓதத்தடுப்புப் பெயின்ட் பூசுவதாகக் கட்டுநர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் அடைபட்ட நீர் பூச்சுக்குள்ளேயே பரவி, ஓரிரு மீட்டர் தள்ளி வேறோர் இடத்தில் தலைகாட்டும், அப்போது மூல இடத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகும். ஊற்றை அடைத்து, சுவரை உலரவிட்டு, உப்பேறிய பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசி, அதுவும் உலர்ந்த பிறகே பட்டியும் பெயின்டும் என்பதே சரியான வரிசை.

குளியலறையில் தண்ணீர் தேங்குகிறது, அல்லது கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரிகிறது

இவை இரண்டு வெவ்வேறு குறைகள். தேங்குவதற்குக் காரணம் தரையின் வாட்டம், அதாவது வடிகாலை நோக்கிய சாய்வு; கசிவதற்குக் காரணம் டைலுக்கு அடியிலுள்ள நீர்க்காப்புப் படலம். வாட்டம் சரியாக இருந்தும் கசியலாம், வாட்டம் தவறியிருந்தும் கசியாமல் இருக்கலாம்.

வாட்டத்தைப் பார்க்க, வாசற்பக்க மூலையில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றி, அது எந்த வழியே ஓடி வடிகாலை அடைகிறது என்று கவனித்து, பத்து நிமிடம் கழித்து எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். டைலின் மேல் மெல்லிய ஈரப்படலம் இருப்பது இயல்பு. விரலை வைத்தால் நகம் நனையுமளவு குட்டை இயல்பன்று. ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 12 மி.மீ. வரை இறக்கம் இருந்தால் நீர் தானே ஓடும். இல்லாவிட்டால் அந்தப் பகுதி டைல்களைப் பெயர்த்து மீண்டும் பதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வைப்பரால் தள்ளிவிட்டுக்கொள்ளலாமே என்று சொல்வார்கள். தள்ளப்போவது அவர்கள் அல்லர்.

நீர்க்காப்பைச் சோதிக்க நீரைத் தேக்கி வைக்க வேண்டும். ஈரத்துணியைப் பாலித்தீன் பையில் இட்டு முடிந்து வடிகால் வாயை இறுக அடைத்து, தரையில் சுமார் 25 மி.மீ. உயரத்துக்கு நீர் நிரப்புங்கள். வாசற்படியின் உயரம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, அருகிலேயே ஒரு தட்டையான தட்டில் நீர் ஊற்றி அதன் மட்டத்தையும் குறியுங்கள். 24 மணி நேரத்தில் ஆவியாகிப் போவது எவ்வளவு என்பதைத் தட்டு சொல்லிவிடும். தரையின் மட்டம் தட்டைவிடத் தெளிவாக அதிகம் இறங்கியிருந்தால் நீர் வேறெங்கோ போயிருக்கிறது.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுத் தேறியதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். பல அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தைச் சற்றே பள்ளமாக இறக்கிக் கட்டி, குழாய்களைப் பதித்த பின் அந்தப் பள்ளத்தை இலகுவான நிரப்புப் பொருளால் நிரப்பி, அதன்மேல் டைல் பதிப்பார்கள். மேலிருந்து இறங்கும் நீர் முதலில் அந்த நிரப்பில் ஊறித் தங்கும். கீழ்வீட்டுக் கூரையில் தெரிய நாட்கள், சில வேளைகளில் மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே தேக்கிய நீரை வெளியேற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் கீழ்வீட்டுக் கூரையையும், குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் தரையை ஒட்டிய பட்டையையும் மீண்டும் பார்க்க வேண்டும். கீழ்வீட்டாரின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தச் சோதனை முழுமையாகாது என்பதால், அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அவர்களுக்கும் இதில் நலன் உண்டு. அதே நியாயப்படி, உங்கள் மேல்வீட்டுக் குளியலறையிலும் சோதனை நடக்கட்டும்.

விரிசல்

விரிசலின் அகலத்தைவிட அதன் இடமும் திசையுமே அதிகம் சொல்லும். இருப்பினும் அகலத்தை அளந்துகொள்வது பேச்சைச் சுருக்கும். சாதாரண அச்சுத்தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. தாள் ஒன்றும் நுழையாத விரிசல் முடியளவானது. மூன்று தாள்கள் சேர்ந்து நுழைந்தால் 0.3 மி.மீ. ஆகிவிட்டது, கான்கிரீட் உறுப்புகளின் வடிவமைப்பில் பொதுவாக எல்லையாகக் கொள்ளப்படும் அளவு அதுதான். அட்டையே நுழைந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, கட்டுநரைச் சாராத கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வர வேண்டும்.

வறண்ட ஏரிப்படுகை வெடித்ததைப் போல எல்லாத் திசையிலும் வலைபின்னிய மெல்லிய விரிசல்கள், பூச்சின் மேல்தோல் வேகமாக உலர்ந்ததாலோ கலவையில் சிமென்ட் மிகுந்ததாலோ, பூசிய பின் ஈரமாக வைத்திருக்கும் நீராற்றுதலில் குறை வைத்ததாலோ வருபவை. தட்டும்போது ஓசை திடமாக இருந்தால், பட்டி இட்டு மூடுவது போதுமானது. "புதுக் கட்டடம்" என்ற விடையை இங்கே ஏற்கலாம். தூணும் செங்கல் சுவரும் சந்திக்கும் இடத்தில் செங்குத்தாக ஓடும் நேர்க்கோட்டு விரிசலும், பீமின் அடியில் சுவரின் உச்சியில் கிடைமட்டமாக ஓடும் விரிசலும் மிகவும் பரவலானவை. கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் அவை தோன்றுகின்றன, சந்திப்பின் மேல் கம்பிவலை பதித்துப் பூசியிருந்தால் பெரும்பாலும் தோன்றியிருக்கா. இவை கட்டடத்துக்கு ஆபத்தல்ல. ஆனால் வெறும் பட்டியால் அடைத்தால் அடுத்த பருவத்திலேயே திரும்ப வரும். சந்திப்பின் இருபுறமும் பூச்சை வெட்டியெடுத்து, வலை பதித்து, மீண்டும் பூசச் சொல்லுங்கள். சுவிட்ச் பெட்டியிலிருந்து கூரையை நோக்கி நேராக ஏறும் விரிசல், மின்குழாய்க்காக வெட்டிய காடியைச் சரியாக நிரப்பாததைக் காட்டுகிறது. அதற்கும் இதே மருந்துதான்.

ஜன்னல், கதவுத் திறப்புகளின் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் சற்றே யோசிக்க வைப்பது. திறப்பின் மூலையில் இழுவிசை குவிவதால் சிறிய அளவில் அது வருவதுண்டு. ஆனால் திறப்பின் மேலுள்ள சுவரைத் தாங்கும் லின்டல் சுவருக்குள் போதிய தூரம் ஊன்றப்படாவிட்டாலும் அதே இடத்தில்தான் வரும். பென்சிலால் விரிசலின் இரு முனைகளிலும் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். முனை கோட்டைத் தாண்டினால் விரிசல் உயிரோடிருக்கிறது.

எந்த நிலையிலும் பெயின்டால் மூடவிடக் கூடாதவை சில உண்டு. பீமின் முனையில், தூணுக்கு அருகில், சாய்வாகச் செல்லும் விரிசல். பீமின் நடுப்பகுதி அடிப்புறத்தில் தொடங்கிப் பக்கவாட்டில் ஏறும் விரிசல். தூணின் உடலில் கம்பியின் போக்கிலேயே செங்குத்தாக ஓடும் விரிசல். தரையிலிருந்து கூரை வரை சுவரைச் சாய்வாகக் கடந்து, மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் அதே இடத்தில் தொடரும் விரிசல். கடைசியாகச் சொன்னது அஸ்திவாரம் ஒரு பக்கம் அதிகமாக இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், மேலும் கீழும் உள்ள வீடுகளைப் பார்க்காமல் அதைத் தீர்மானிக்க முடியாது. கூரையில் தெரியும் துருக்கறைகளையும் இதே கவனத்துடன் பாருங்கள்: தனித்தனிப் புள்ளிகள் பலகை அடித்தபோது விட்டுப்போன ஆணியாகவோ கட்டுக்கம்பியாகவோ இருக்கலாம், சம இடைவெளியில் கோடுகோடாக வந்தால் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் அடுக்கு மெல்லியது, அங்கே ஈரமும் புகுந்திருக்கிறது.

டைலைத் தட்டினால் பொக்கென்று ஒலிக்கிறது

ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் ஒவ்வொரு டைலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தட்டிச் செல்லுங்கள். அடியில் கலவை முழுமையாகப் பரவியிருந்தால் ஓசை சுருக்கமாகவும் கெட்டியாகவும் இருக்கும். புள்ளி புள்ளியாக வைத்து ஒட்டியிருந்தால் ஓசை உள்ளீடின்றி நீளும். நடுவில் உள்ளங்கை அளவு பொக்கு இருப்பதால் தரை டைல் உடனே கெட்டுவிடாது. மூலை பொக்காக இருந்தால், கட்டில் காலோ அலமாரிக் காலோ அதன்மேல் வந்த அன்றே உடையக்கூடும். சுவர் டைலில், குறிப்பாகத் தலைக்கு மேலுள்ள வரிசைகளில், பொக்கைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. குறையுள்ளவற்றின் மேல் டேப்பால் குறியிட்டு, அறைவாரியாகப் படம் எடுத்துவிடுங்கள். மாற்றும்போது அதே தயாரிப்புத் தொகுதியின் டைல் இருக்கிறதா என்று கேளுங்கள். தொகுதி மாறினால் நிறம் சற்றே மாறும், அது வெளிச்சத்தில் எப்போதும் கண்ணை உறுத்தும். கூடவே, சில டைல்களை உபரியாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது பின்னாளில் கைகொடுக்கும்.

வடிகாலில் நாற்றம், களகளவென்ற ஓசை

ஒவ்வொரு வடிகாலிலும் நீர் தங்கும் வளைவான ட்ராப்பில் பொதுவாக 50 மி.மீ. அளவுக்கு நீர் நின்று, கழிவுக்குழாயின் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. பூட்டிக்கிடந்த வீட்டில் அந்த நீர் ஆவியாகிவிடுவது இயற்கை. எல்லா வடிகால்களிலும் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள்; நாற்றம் நின்று, ஒரு வாரம் வரை திரும்பாவிட்டால் குறை ஏதுமில்லை. ஒரே நாளில் திரும்பினால் ட்ராப் கசிகிறது, அல்லது நீர் உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்படுவதற்கு ஓசையே சாட்சி: ஒருவர் கமோடில் நீரை இறக்கும்போது மற்றவர் தரை வடிகாலின் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். களகளவென்று ஓசை எழுந்து, டார்ச் ஒளியில் நீர்மட்டம் ஆடி இறங்கினால், கழிவுக்குழாய்க்குள் வெளிக்காற்றை விடும் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது இணைக்கப்படவே இல்லை. நாற்றத்துக்கு வாசனைத் திரவம் ஊற்றிவிட்டுப் போகும் பிளம்பரைத் தடுத்து, மொட்டை மாடியில் அந்தக் குழாயின் வாயைக் காட்டச் சொல்லுங்கள்.

புதிய வீட்டு வடிகால் மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் உள்ளே சிமென்ட் பால் உறைந்திருக்கும். வேலையாட்கள் கலவைச் சட்டியைக் குளியலறையில் கழுவுவது எங்கும் நடப்பதே. சிங்க்கையும் வாஷ்பேசினையும் விளிம்பு வரை நிரப்பி ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தரை வடிகாலில் எதிர்த்து வருகிறதா என்று பாருங்கள். கமோடின் சிஸ்டர்னில் சில துளி நிறமி இட்டு அரை மணி நேரம் விட்டால், உள்ளே நிறம் இறங்கியிருப்பதைக் கொண்டு அதன் வால்வு கசிவதை அறியலாம்.

நாற்றம் வடிகாலிலிருந்து வராமல், கண்ணைக் கரிக்கும் வகையில் அலமாரிகளிலிருந்து வந்தால், அது ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் அதைக் கூட்டும். குடியேறும் வரை அலமாரிக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்தே வைத்திருங்கள்.

குழாயில் நீர் மெல்ல வருகிறது

ஒரே குழாயில் மட்டும் என்றால், முனையிலுள்ள வலைமூடியைக் கழற்றிப் பாருங்கள்; மணலும் குழாய்ச் சீவலும் சிக்கியிருக்கும். வெந்நீரில் மட்டும் என்றால் கீசரின் வால்வு பாதி மூடியிருக்கலாம், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கலாம். வீடு முழுவதும் என்றால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து உங்கள் குழாய் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்தது: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும், எனவே தொட்டிக்கு 3 மீட்டர் கீழே உள்ள உச்சிமாடி வீட்டுக்கு 0.3 பார்தான் வரும். பம்பு பொருத்தாமல் இது மாறாது. மாறும் என்று யாரேனும் வாக்களித்தால் எப்படி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மின்சாரம்: துண்டிப்பு, மங்கலாக எரியும் விளக்கு

சுவிட்ச் போர்டைத் திறக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்தே கண்டறியக்கூடியவை ஏராளம். பிளக் சோதனைக் கருவியை ஒவ்வொரு பாயின்டிலும் செருகினால், எர்த் இல்லாததையும் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதையும் அதன் விளக்குகள் காட்டும். ஒன்றையும் விட்டுவிடாதீர்கள், படுக்கையறையில் எல்லாம் சரியாக இருந்து, குளிர்பெட்டிக்கான பாயின்டில் மட்டும் எர்த் கம்பி மடித்து விடப்பட்டிருப்பதும் உண்டு.

கசிவு மின்னோட்டத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியில் வீட்டுப் பயன்பாட்டுக்குரியது பொதுவாக 30 மில்லி ஆம்பியர். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அந்த வீட்டில் மின்சாரத்தைப் பயன்படுத்தவே கூடாது. எதையும் செருகாதபோதே அது விழுந்தால் மின்குழாயிலோ பெட்டியிலோ ஈரம் இறங்கியிருக்கலாம், ஆகவே ஓதப் பகுதிக்குத் திரும்பிச் சென்று அருகிலுள்ள சுவரைப் பாருங்கள். குறிப்பிட்ட சில விளக்குகளைப் போட்ட உடனே விழுந்தால், ஒரு சுற்றின் நியூட்ரல் வேறொரு சுற்றோடு சேர்ந்திருக்கிறது, அல்லது நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. அடிக்கடி விழுகிறது என்று ஆர்சிசிபியையே கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தரும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைவிட மோசமான திருத்தத்தை நான் அறியேன்.

அணைத்த பின்னும் எல்.ஈ.டி. விளக்கு மங்கலாக எரிந்தால், சுவிட்ச் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்சில் சிறு காட்டி விளக்கு இருந்தாலும், கம்பிகள் நெடுந்தூரம் ஒன்றையொன்று ஒட்டி ஓடினாலும் இப்படி நேரும், அவை தீங்கற்றவை. நியூட்ரல் துண்டிப்போ, அணைத்துவிட்டதாக நினைத்து விளக்கை மாற்றுபவரைத் தாக்கக்கூடியது.

ஜன்னலும் கதவும்

மழைநீர் ஜன்னலில் உள்ளே வந்தால், வெளியிலிருந்து நீரைத் தெளித்துச் சோதிக்கும்போது கீழிருந்து மேலாகச் செல்லுங்கள்: முதலில் அடிச்சட்டம், சில நிமிடங்கள் கழித்துப் பக்கச் சட்டங்கள், கடைசியில் மேற்சட்டம். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகளையும் நனைத்துவிடும், எது கசிகிறது என்று தெரியாமற் போகும். பல வேளைகளில் குறை சட்டத்தில் இராது. அடிச்சட்டத்தில் நீர் வெளியேறுவதற்கான சிறு துளைகள் சிமென்டாலும் சிலிக்கானாலும் அடைபட்டிருக்கும். கதவு இடித்தால் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள்; இரண்டும் சமமாக இல்லையென்றால் இழைத்துச் சரிசெய்வது தற்காலிகத் தீர்வே.

அறை சிறியதாகத் தோன்றுகிறது

வரைபடத்து அளவு பூச்சுக்கு முந்தைய சுவர் முகத்திலிருந்து குறிக்கப்பட்டிருந்தால், இரு பக்கப் பூச்சும் சேர்ந்து மூன்று சென்டிமீட்டர் வரை குறைவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் காரணம் கேட்க வேண்டும். மூலை செங்கோணமா என்பதை, ஒரு சுவரில் 3, மறுசுவரில் 4 என்ற விகிதத்தில் அளந்து குறித்து, குறிகளுக்கிடையே 5 வருகிறதா என்று பார்த்து அறியலாம். சமையல் மேடையும் சுவரோடு சுவர் அலமாரியும் வரவிருக்கும் மூலைகளில் மட்டும் இதைச் செய்தால் போதும்.

குறைப்பட்டியலை எழுதுவது

"ஹாலில் ஓதம்" என்று எழுதினால் பெயின்ட் அடித்துவிட்டுத் தீர்ந்தது என்பார்கள். "ஹாலின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து 40 செ.மீ. உயரம் வரை ஈரம், பாலித்தீன் சோதனையில் சுவர்ப்பக்கம் நீர்த்துளிகள், மறுபக்கம் குளியலறை, நீரின் மூலத்தைக் கண்டறிந்து அடைத்த பின் பூச்சை மாற்ற வேண்டும்" என்று எழுதினால், அறிகுறி, சோதனை, காரணம், திருத்தம் ஆகிய நான்கும் பதிவாகிவிடும். பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, திருத்தம் முடிய வேண்டிய தேதியும் குறிக்கப்பட வேண்டும். திருத்திவிட்டதாகச் சொல்லும்போது, குறையைக் கண்டுபிடித்த அதே சோதனையை அதே இடத்தில் மீண்டும் செய்யுங்கள். பென்சில் கோட்டை மறைத்துப் பெயின்ட் அடித்திருந்தால், பழைய படத்தைப் பார்த்து அந்தக் கோட்டைத் திரும்ப இழுத்து, ஒரு வாரம் கழித்தே ஒப்புக்கொள்ளுங்கள். வறண்ட மாதங்களில் சாவி வாங்க நேர்ந்தால் வெளிச்சுவரையும் ஜன்னல்களையும் மழையில் சோதிக்க இயலாது என்பதால், அவற்றைத் தேறியவையாகக் குறிக்காமல், முதல் மழைக்காலம் முடியும் வரை அவற்றின் கசிவுக்குக் கட்டுநரே பொறுப்பு என்று பட்டியலின் அடியில் தனி வரியாக எழுதி, அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.